மூன்றாம் நாள் பாட்டு

அந்தப் பாட்டை நான் ஒரு மனிதரைப் புண்படுத்துவதற்காகத்தான் எழுதினேன். கலை, துயரத்தின் வெளிப்பாடு என்றெல்லாம் பிற்பாடு என்னிடம் பேச வந்தவர்கள் சொன்னார்கள். நானும் மறுக்காமல் கேட்டுக்கொண்டேன். உண்மை அதுவல்ல. வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ் மில்லில் மேஸ்திரியாக இருக்கும் என் அக்கா கணவர், ஒரு வேளையாவது தட்டில் கை வைத்துவிட்டுச் சாப்பிட முடியாமல் எழுந்து போக வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. பாட்டு ஏழு நிமிடம் ஓடும். அதில் நான்கு நிமிடம் நான் உறுமுகிறேன்.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். கல்யாணத்துக்கு முன்பு காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையில் சேலை விரித்துக் காட்டும் வேலையில் இருந்தாள். கடை திறந்ததிலிருந்து சாத்தும் வரை நிற்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் தரையில் படுத்துக் கால்களைச் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டு, அன்று வந்த கல்யாணக் கூட்டத்தை நடித்துக் காட்டுவாள். மாமியார் ஒரு நிறம் கேட்பது, மணப்பெண் வேறு நிறம் கேட்பது, மாப்பிள்ளை இரண்டுக்கும் தலையாட்டுவது. மூன்று பேருக்கும் மூன்று குரல். அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறும்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் சர்ச்சில் பாடகர் குழுவில் முதல் வரிசை அவளுடையது. என்னையும் ஒருமுறை சேர்த்தார்கள். என் குரல் அப்போதே தடித்தது. குழுவை நடத்தியவர் இரண்டாவது வாரமே என்னிடம், "நீ உதட்ட மட்டும் அசைமா, போதும்" என்றார். அப்புறம் நான் குழுவுக்குப் போகவில்லை.

அக்காவுக்குக் காய்ச்சல் வந்தபோது அவளுக்கு இருபத்தெட்டு வயது. மகளுக்கு நான்கு. நான் அப்போது ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. காலையில் காஞ்சிபுரத்தில் கம்பெனி பஸ் ஏறினால் ஷிப்ட் முடிந்து அதே பஸ்ஸில் திரும்புவேன். உள்ளே போகும்போது செல்போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும்.

முதல் நாள் அவள் எனக்குச் சொல்லவே இல்லை. அன்று மாமாவின் தங்கை குடும்பத்தோடு வந்திருந்தாளாம். அக்கா படுத்துவிட்டதைப் பார்த்து, விருந்தாளிக்குச் சமைக்கச் சோம்பிப்போய் நடிக்கிறாள் என்று மாமா எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறார். இதைப் பக்கத்து வீட்டு அம்மா சாவு வீட்டில் என்னிடம் சொன்னார்.

இரண்டாம் நாள் மத்தியானம் லாக்கரைத் திறந்தபோது அக்காவிடமிருந்து மூன்று அழைப்புகள் வந்திருந்தன. திரும்பக் கூப்பிட்டேன்.

"கண்ணுக்குப் பின்னாடி வலிக்குதுமா. எழுந்தா சுத்துது. நீ வர்றியா?"

"ஷிப்ட்ல இருக்கேன்க்கா. மாமாகிட்ட சொல்லு."

"சொல்லிக்கினுதான் இருக்கேன்."

"நல்லா அழுத்திச் சொல்லு. நான் லீவு போட முடியாது."

மூன்றாம் நாள் காலையில் அவள் கழிவறை வாசலில் விழுந்த பிறகுதான் மாமா வண்டியை எடுத்தார். மோட்டார் சைக்கிள். அவளை நடுவில் உட்காரவைத்து, பின்னால் அவருடைய தங்கை கணவர் பிடித்துக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது ரத்த அழுத்தம் இறங்கிவிட்டிருந்தது. நேற்றே ஏன் வரவில்லை என்று டாக்டர் கேட்டபோது மாமா, "சாதாரண ஜுரம்னு சொன்னா சார்" என்றார். யார் சொன்னது? அவள் சொன்னாளாம். செய்தி தெரிந்து ஷிப்டிலிருந்து ஓடி வந்திருந்த நான் வாசலில் நின்று அதைக் கேட்டேன். அவர்மேல் எனக்கு இருந்த மரியாதை அந்த நிமிடத்தோடு முடிந்தது. மாலைக்குள் அக்காவும் முடிந்துபோனாள்.

ஒரு வருடத்தில் அவர் மறுகல்யாணம் செய்துகொண்டார். அதில் எனக்கு வருத்தம் இல்லை. கல்லறைத் திருநாளில் அவர் செய்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அக்காவை அடக்கம் செய்த எங்கள் சர்ச் கல்லறைத் தோட்டத்துக்கு ஒவ்வொரு வருடமும் வாலாஜாபாத்திலிருந்து ஒரு பை நிறைய சாமந்தி, பெரிய மெழுகுவர்த்திகள் எல்லாம் கொண்டு வருவார். எங்களுக்கு முன்பே வந்து கல்லறைக்கு வெள்ளையடித்து முடித்திருப்பார். ஜெபம் தொடங்கியதும் முழங்கால் போட்டுச் சத்தமாக அழுவார். அக்கம்பக்கத்துக் கல்லறைக்கு வந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். "செத்தும் மறக்காத புருஷன்" என்று ஒரு பெண் சொன்னதற்கு அம்மா தலையாட்டினாள். அன்றிலிருந்து கொஞ்ச நாள் அம்மாவோடும் நான் பேசவில்லை.

கம்பெனியில் என் லைனில் மேகாலயாவிலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். அவளும் கிறிஸ்தவள். எங்கள் ஊர் கிறிஸ்தவர்களைப்போல இல்லாமல், கைப்பையில் பைபிளும் கழுத்தில் மண்டையோட்டு டாலருமாக இருப்பாள். பஸ்ஸில் ஒருநாள் இயர்போனில் ஒன்றை என் காதில் மாட்டினாள். பிணம் தூக்கிப் போகிற நடையில் ஒரு கிட்டார் வந்தது. அதன் பின்னால் சர்ச் ஆர்கன். அதன்மேல் ஒரு பெண் வானத்திலிருந்து இறங்குவதுபோலப் பாட, திடீரென்று ஓர் ஆண் குரல் மண்ணுக்கடியிலிருந்து உறுமியது. எனக்கு வார்த்தை ஒன்றும் புரியவில்லை. ஆனால் அந்த உறுமலில் பொய் இல்லை என்று தோன்றியது. சுங்குவார்சத்திரம் தாண்டும் வரை இயர்போனைத் திருப்பித் தரவில்லை.

"இது காதிக் மெட்டல், ராக்ல ஒரு வகை" என்றாள் அவள், தெரிந்த தமிழில். "சாவு, சர்ச், லவ். எல்லாம் ஒண்ணா இருக்கும்."

"அந்தக் கத்தறவன் எப்படிக் கத்தறான்? தொண்டை கிழியாதா?"

"கத்தறது இல்ல. வயித்துல இருந்து மூச்சு. தொண்டை சும்மா வழி விடணும். பொண்ணுங்களும் பண்ணுவாங்க."

கடைசி வாக்கியத்தை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டில் பழக முடியவில்லை. தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டு உறுமினால், ஆஸ்துமா வந்துவிட்டதோ என்று அம்மா விக்ஸ் எடுத்துக்கொண்டு ஓடி வருவாள். வார விடுமுறை நாட்களில் செவிலிமேடு தாண்டிப் பாலாற்றில் இறங்கினேன். தண்ணீர் இல்லாத ஆறு. மணலும் வேலிகாத்தான் புதருமாகக் கிடக்கும். மத்தியான வெயிலில் ஆள் வரமாட்டார்கள். முதல் இரண்டு மாதம் தொண்டை புண்ணாகி, கம்பெனியில் சைகையால் பேசினேன். பிறகு ஒருநாள் சரியான இடம் கிடைத்தது. விலாவுக்குக் கீழே எதுவோ இறுகியது, தொண்டை தளர்ந்தது, குரல் தானாக வெளியே உருண்டது. அது என் குரல்தான். உதட்டை மட்டும் அசைக்கச் சொன்னார்களே, அந்தக் குரல்.

புதருக்குப் பின்னாலிருந்து ஆடு மேய்க்கிற அம்மா ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, யாரனா செத்துட்டாங்களா?"

"எங்க அக்கா."

"எப்போ?"

"நாலு வருசம் ஆவுது."

"அப்ப நெறைய பாக்கி வெச்சிருக்க போல" என்று சொல்லிவிட்டு ஆடுகளை வேறு பக்கம் ஓட்டினார். அதன்பிறகு என்னைக் கண்டால் தலையசைப்பார். அந்தச் சில வருடங்களில் என்னை விசித்திரமாகப் பார்க்காத ஒரே ஆள் அவர்தான்.

கிட்டார் வாசித்தவன் மாகறலைச் சேர்ந்தவன். விவசாயக் குடும்பம், கொஞ்சம் நிலம், அப்பாவுக்கு அரசியலில் சின்னப் பொறுப்பு. அதே கம்பெனி பஸ்ஸில் வருவான். என்னைவிட ஐந்து வயது சின்னவன். அக்கா என்றுதான் கூப்பிடுவான். செவிலிமேட்டில் புது வீடுகள் கட்டியிருக்கும் பகுதியில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்து, சுவரெல்லாம் பழைய கம்பளிகளை அடித்து வைத்திருந்தான். டிரம்ஸ் வாசிக்க ஆள் இல்லாததால் அதைக் கம்ப்யூட்டரில் செய்தான். நன்றாகச் செய்தான் என்று ஒப்புக்கொள்கிறேன். அவனைப்பற்றி நான் சொல்லப்போகிற ஒரே நல்ல விஷயம் அதுதான்.

இந்த வகைப் பாட்டில் பெண் தேவதைபோலப் பாடுவாள், ஆண் மிருகம்போல உறுமுவான். நான் அதைத் திருப்பிப் போட்டேன். இனிமையான குரல் புருஷனுக்கு. மாகறல்காரனின் குரல் பால்போல இருக்கும். கல்லறைக்குப் பூ கொண்டுவந்திருக்கிறேன், வெளிச்சம் கொண்டுவந்திருக்கிறேன், கண்ணே என்று அவன் பாடுவான். மண்ணுக்கடியிலிருந்து பெண் பதில் சொல்வாள். அது நான்.

முதல் நாள் நீ சொன்னாய், நடிக்கிறாள்.
இரண்டாம் நாள் நீ சொன்னாய், விடியட்டும்.
மூன்றாம் நாள் உன் வண்டி கிளம்பியது.
மூன்றாம் நாள் உயிர்த்தெழ நான் ஆண்டவர் அல்ல.

கிட்டாரின் தந்திகளை இரண்டு படி தளர்த்திக் கட்டினான். அறைந்தால் இரும்புத் தகடு துவள்கிற சத்தம் வந்தது. ஆர்கன் பகுதிக்கு நான் எங்கள் சர்ச்சில் அடக்க ஆராதனையின்போது வாசிக்கிற நடையைச் சொன்னேன். அதைப் பாதி வேகத்துக்குக் குறைத்தான். ஒவ்வொரு சரணத்திலும் புருஷனின் இனிமை கூடிக்கொண்டே போகும், பெண்ணின் உறுமல் நெருங்கிக்கொண்டே வரும். கடைசியில் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, அவன் பாடுவது யாருக்கும் கேட்காமல் போகும். "உன் பூவை எடுத்துக்கொண்டு போ" என்பதுதான் கடைசி வரி. ஐந்தாவது நிமிடத்தில் தூரத்தில் ஒரு நாய் ஊளையிடுவது கேட்கும். அது பக்கத்து வீட்டு நாய். வேண்டுமென்றே சேர்த்த நுட்பம் என்று பிற்பாடு ஒருவர் எழுதினார்.

அவன் பாட்டை இணையத்தில் ஏற்றினான். ஒரு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு யாரோ பகிர, யாரோ கேட்க, பாட்டு பரவியது. கீழே வந்த கருத்துகளைப் பஸ்ஸில் உட்கார்ந்து படித்தேன். தம்பி, இந்த உறுமல் எங்கே கற்றாய்? ஒரே ஆள் இரண்டு குரலா? வரிகள் நெருப்பு, ப்ரோ. பாட்டுக்கு மேலே அவன் பெயர் மட்டும் இருந்தது.

"என் பேரு எங்கப்பா?"

அவன் ஜன்னலைப் பார்த்தான். "அக்கா, சொன்னா நம்ப மாட்டாங்க. பொம்பள குரல்னா யாரு நம்புவாங்க?"

"நம்பறது அவங்க வேலை. போடறது உன் வேலை."

"இல்லக்கா... எங்க அப்பா பார்த்தாரு. பக்கத்துல உங்க பேரு இருந்தா ஊர்ல ஒரு மாதிரி பேசுவாங்கன்னு..."

"என்ன மாதிரி?"

அவன் சொல்லத் தேவையில்லை. எங்கள் தெருப் பெயரைக் கேட்டதும் முகத்தில் ஒரு கதவு மூடிக்கொள்வதை நான் சின்ன வயதிலிருந்து பார்த்து வருகிறேன். இவனுடைய முகத்தில் அது மூடிக்கொள்ளவில்லை என்று நினைத்துத்தான் அவன் அறைக்குப் போய்ப் பாடினேன். எழுந்து பின்சீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். அந்தப் பஸ்ஸில் நாங்கள் இருவரும் இன்னும் இரண்டு வருடம் போய்வந்தோம். ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகாமல் பாலாற்றுக்குப் போனேன். கம்பெனிச் சீருடையோடு, பட்டை வெயிலில், மணலில் போனை நிறுத்தி வைத்துவிட்டு, பின்னணி இசை எதுவும் இல்லாமல் என் நான்கு நிமிடத்தையும் உறுமினேன். முகம் நன்றாகத் தெரியட்டும் என்று முடியை இழுத்துக் கட்டியிருந்தேன். கீழே, "இது என் குரல். வரிகளும் என்னுடையவை. பூ கொண்டுவருகிறவருக்கு இது போய்ச் சேரட்டும்" என்று எழுதினேன். போய்ச் சேர்ந்தது.

முதலில் வந்தவர் பாஸ்டர். சபை மூப்பர்கள் இருவரோடு வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அம்மா போட்ட காபியைத் தொடவில்லை.

"உயிர்த்தெழுதலைக் கேலி பண்ணியிருக்கியேமா."

"இல்லைங்க பாஸ்டர். எங்க அக்கா எழுந்திருக்கலன்னு மட்டும்தான் சொல்லியிருக்கேன்."

"அந்தக் குரல் கர்த்தர் கொடுத்த குரல் இல்லமா. அது வேற ஆவி. உபவாசம் இருந்து ஜெபிச்சாப் போயிடும்."

"கொயர்ல உதட்ட மட்டும் அசைக்கச் சொன்னாங்களே, அப்பவும் இதே குரல்தான் பாஸ்டர். அப்ப யாரும் வந்து ஜெபிக்கல."

மூப்பர்களில் ஒருவர் செருப்பைத் தேடத் தொடங்கினார். அவர்கள் போன பிறகு அம்மா என்னை அடித்தாள். முப்பது வயதுக்குமேல் ஆன மகளை அடிக்கிற அடி கனமாகவெல்லாம் விழாது. ஆனால் விழுந்தது. பிறகு அவளே உட்கார்ந்து அந்த ஆறிய காபிகளைக் குடித்து முடித்தாள்.

அடுத்த வாரம் மாமா வந்தார். மில்லிலிருந்து நேராக வந்திருந்ததால் சட்டை, புருவமெல்லாம் தவிடு. வாசலிலேயே நின்றார்.

"என்னக் கொலகாரன்னு ஊரெல்லாம் பாடி வெச்சிருக்க."

"உங்க பேரு எங்கயும் இல்லையே மாமா."

"மூணு நாள்னு போட்டிருக்கியே. வண்டின்னு போட்டிருக்கியே. மில்லுல பசங்க போன்ல போட்டுக் கேக்கறானுங்க. நான் போனா நிறுத்தறானுங்க."

"நிறுத்தறாங்கன்னா உங்களுக்குத்தான்னு அவங்களுக்கே தெரியுது."

அவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை மறைத்து எழுதினால் இந்த எழுத்துக்கே அர்த்தமில்லை. பல வருடம் காத்திருந்த சாப்பாடு கடைசியில் தட்டில் விழுந்ததுபோல இருந்தது.

"நான் வேணும்னு பண்ணல" என்றார். "சாதாரண ஜுரம்னுதான் நெனச்சேன்."

"நடிக்கிறான்னு சொன்னீங்க."

"சொன்னேன். வீட்ல ஆளுங்க இருந்தாங்க. ஒரு கோவத்துல சொன்னேன். அதுக்குன்னு?"

"அதுக்குன்னுதான் பாட்டு."

அவர் எச்சிலைத் தெருவில் துப்பிவிட்டுப் போனார். அந்த வருடமும் அதற்குப் பிறகும் கல்லறைத் திருநாளுக்கு அவர் வரவில்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

அதன்பிறகு பாட்டுக்கு ஒரு தனி வாழ்க்கை வந்தது. சென்னையில் இரண்டு இடங்களில் மேடையில் பாடினேன். வேறு பையன்கள் வாசித்தார்கள்; இனிமைப் பகுதியை ஒரு கல்லூரி மாணவன் பாடினான். நான் எங்கிருந்து வருகிறேன் என்று தெரிந்தவுடன் வந்த கேள்விகள் இரண்டே வகைதான். காஞ்சிபுரமா, தறிச் சத்தத்தைச் சேர்த்திருக்கலாமே என்பது ஒன்று. எங்கள் தெருவைப்பற்றியும் விசாரித்துக்கொண்டவர்கள், பறை இல்லாதது பெரிய குறை என்றார்கள். எங்கள் வீட்டில் யாரும் தறியில் உட்கார்ந்ததில்லை. யாரும் பறை அடித்ததுமில்லை. என் அப்பா லாரி ஓட்டினார். லாரிச் சத்தத்தைச் சேர்க்கலாமே என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆர்கனும் தளர்ந்த கிட்டாரும் எனக்கு யாரோ இரவல் கொடுத்ததைப் போலவும், என் சொத்து வேறெங்கோ இருப்பதைப் போலவும் பேசியவர்களுக்கு நான் பதில் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

பெண்கள் எழுதினார்கள். அவற்றை மட்டும் படித்தேன். மாமியார் வீட்டில் இயர்போன் மாட்டிக்கொண்டு இதைக் கேட்டபடி சப்பாத்தி இடுவதாக ஒருத்தி எழுதினாள். என் தங்கைக்கும் இதே மூன்று நாள்தான் அக்கா என்று இன்னொருத்தி. ஊர் பெயர் மட்டும் மாறும். எத்தனை வண்டிகள் இப்படித் தாமதமாகக் கிளம்பியிருக்கின்றன என்று நினைக்கும்போது கோபம் குறையாது, பெருகும்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை காலை, கதவைத் தட்டியது அக்காவின் மகள். பதினைந்து வயது. பள்ளிச் சீருடையில், வாலாஜாபாத்திலிருந்து தனியாகப் பஸ் ஏறி வந்திருந்தாள். ஸ்பெஷல் கிளாஸ் என்று வீட்டில் சொல்லியிருந்தாளாம். அப்படியே அக்காவின் நெற்றி அவளுக்கு. உள்ளே வரச் சொன்னேன். அம்மா மாவு அரைக்கக் கடைக்குப் போயிருந்தாள்.

அவள் தண்ணீர் குடித்தாள். சுற்றி வளைக்கவில்லை.

"அந்தப் பாட்டு எங்க அம்மாவப் பத்தியா சித்தி?"

"ஆமா."

"அதுல பேசறது எங்க அம்மாவா?"

"ஆமா."

"அப்படின்னு அவங்க உங்ககிட்ட சொன்னாங்களா?"

"சொல்ல அவளுக்கு எங்க நேரம் கெடச்சுது?"

"அப்ப அது நீங்க பேசறது" என்றாள். அவள் தொடர்ந்தாள். "நான் நெறைய தடவ கேட்டேன். மனப்பாடமா தெரியும். அப்பா இருக்காரு. வண்டி இருக்குது. பூ, மெழுகுவர்த்தி, மண்ணு எல்லாம் இருக்குது. நான் எங்க?"

எனக்குப் புரியவில்லை.

"எனக்கு நாலு வயசு. அந்த மூணு நாளும் அம்மா பக்கத்துலதான் படுத்திருந்தேன். ரெண்டாவது நாள் எனக்குச் சோறு ஊட்டினாங்க, படுத்துக்கினே. ஏழு நிமிஷப் பாட்டுல அம்மா அப்பாவத் திட்டிக்கினே இருக்காங்க. என்னப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. எங்க அம்மா செத்ததும் மண்ணுக்குள்ள போயி, என்ன மறந்துட்டு, அப்பாவ மட்டும்தான் நெனச்சிக்கினு இருக்காங்களா?"

நான் அவளைத் தேற்றியிருக்க வேண்டும். தேற்றவில்லை. உன் அப்பா சொல்லிக்கொடுத்து அனுப்பினாரா என்று கேட்டேன். அவள் முகம் சுருங்கவில்லை. என்னை வெறுப்போடு பார்த்தாள். நான் மாமாவைப் பார்க்கிற அதே பார்வை.

"அவருகிட்டயும் கேட்டேன். ஏன் மூணு நாள் ஆச்சுன்னு. அதுல இருந்து அவருகிட்ட பேசறதில்ல. உங்ககிட்டயும் ஒண்ணு கேக்கணும். அம்மா உங்களுக்குப் போன் பண்ணாங்க இல்ல? நான் பார்த்தேன். சித்திகிட்ட பேசறேன்னு என்கிட்ட சொன்னாங்க."

"பண்ணா."

"என்ன சொன்னீங்க?"

சொன்னேன். ஷிப்ட், லீவு, மாமாகிட்ட சொல்லு எல்லாவற்றையும் ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னேன். முதல் தடவையாக ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்கிறேன் என்பது சொல்லும்போதுதான் தெரிந்தது.

"அப்ப நீங்களும் மூணாவது நாள்தான் வந்தீங்க" என்றாள்.

அவள் குரலை உயர்த்தவில்லை. கையிலிருந்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, பையை மாட்டிக்கொண்டாள்.

"பாட்ட எடுத்துடட்டுமா?" என்று கேட்டேன்.

"வேணாம். எடுத்தா அப்பா நிம்மதியாயிடுவாரு. இருக்கட்டும். ஆனா எனக்கு அது புடிக்கல. இனிமே அத எங்க அம்மா பாட்டுன்னு சொல்லாதீங்க. உங்க பாட்டுன்னு சொல்லுங்க."

பஸ் ஸ்டாண்டு வரை கூட வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். தெருமுனை வரை அவளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா மாவோடு வந்தபோது நான் எதையும் சொல்லவில்லை. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். உறுமல் வரவில்லை. மூச்சை எவ்வளவு இழுத்தும் விலாவுக்குக் கீழே எதுவும் இறுகவில்லை. அழுகை மட்டும் வந்தது, எனக்குப் பிடிக்காத மெல்லிய சத்தத்தில்.

குரல் திரும்ப நான்கு மாதம் ஆனது. இடையில் வந்த ஒரு மேடையை மறுத்துவிட்டேன். அதன்பிறகு ஒருமுறை பாடினேன். பாடும் முன், இது என் கோபம், இறந்தவளுக்கு இதில் பங்கில்லை என்று மைக்கில் சொன்னேன். கூட்டத்துக்கு அது விளங்கவில்லை, கை தட்டினார்கள். வரிகளை நான் மாற்றவில்லை. மாமா சொன்னது சொன்னதுதான், அவர் வண்டி எடுத்தது மூன்றாம் நாள்தான். ஒரு நான்காவது சரணம் எழுதிப் பார்த்தேன். அதில் லாக்கர் வந்தது, போன் வந்தது. குழந்தையைப்பற்றி ஒரு வரியும் எனக்கு எழுத வரவில்லை. அவளை நான் அந்த மூன்று நாளும் பார்க்கவே இல்லை. பார்க்காததை எழுதக் கூடாது என்று இப்போதாவது தெரிகிறது. நோட்டை மூடிவிட்டேன்.

இந்த ஜூனில் அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. பத்தாம் வகுப்பு முடித்துவிட்டாள். பதினொன்றில் சேர்க்கை. நாளைக்குப் பத்து மணிக்கு ஸ்கூலுக்கு வாங்க, அவ்வளவுதான். லீவு போட்டேன்.

அலுவலக அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் மாமா உட்கார்ந்திருந்தார். தலை பாதிக்குமேல் நரைத்திருந்தது. அதைப் பார்த்து எனக்கு இரக்கம் வரவில்லை. பெஞ்சின் இந்த முனையில் உட்கார்ந்தேன். அவள் ஜன்னலோரம் நின்று படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"உன் பாட்டால என் பொண்ணு என்கிட்ட பேச மாட்டேங்கறா" என்றார் மாமா, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு.

"என்கிட்டயும்தான் பேச மாட்டேங்கறா."

"அப்ப எதுக்கு நம்மள வரச்சொன்னா?"

"எனக்குத் தெரியாது."

கிளார்க் எட்டிப் பார்த்து, எந்த குரூப் என்று கேட்டார். "பயாலஜி சார், நர்சிங் போவட்டும்" என்றார் மாமா. அதே நொடியில் நானும் பயாலஜி என்று சொல்லியிருந்தேன். இருவரும் ஒருவரையொருவர் அருவருப்போடு பார்த்துக்கொண்டோம்.

"காமர்ஸ் சார்" என்றாள் அவள். படிவத்தை எங்களிடம் கொண்டுவந்து, கையெழுத்து போட வேண்டிய இடத்தை விரலால் தொட்டுக் காட்டினாள். பாதுகாவலர் என்ற இடத்தில் அவர் போட்டார். சாட்சி என்ற இடத்தில் நான் போட்டேன். பேனாவை அவர் என் கையில் கொடுக்காமல் பெஞ்சின்மேல் வைத்தார். நானும் அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டேன்.